வாக்கியத்துக்கு வரிசை எண் எதற்கு?



சில மாதங்களாக இரவு பத்து மணிக்கு மேல் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று வீட்டிலும் கேட்கிறார்கள், தொலைபேசியில் மாணவர்களும் கேட்கிறார்கள். கணினிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிவந்தேன். விஷயம் இதுதான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் இப்போது மென்பொருள் துறையில் இருக்கிறான். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளின் தமிழாக்கக் கோப்பை அனுப்பி, "சார், பிழை மட்டும் பார்த்துக் கொடுங்க" என்றான். பிழை பார்க்கப் போனவன் அந்தக் கோப்பின் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

கோப்பைத் திறந்ததும் எனக்கு ஒரு குழப்பம். அதில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு வரி. மேல் வரியின் தொடக்கத்தில் 'மெசேஜ் ஐடி' என்பதன் சுருக்கம், அதாவது செய்தியின் அடையாளம். கீழ் வரியில் தமிழ். அடையாளம் என்றால் எண்ணைத்தானே எதிர்பார்ப்போம்? குடும்ப அட்டைக்கு எண், பென்ஷன் புத்தகத்துக்கு எண், மின் இணைப்புக்கு எண். இங்கே அடையாளம் என்ற இடத்தில் முழு ஆங்கில வாக்கியமே உட்கார்ந்திருந்தது. "இந்தக் கோப்பு கிடைக்கவில்லை" என்ற செய்திக்கு அடையாள எண் 43 என்றோ 117 என்றோ இல்லை. அதன் ஆங்கில மூலமே அதன் அடையாளம்.

"என்னடா இது, வாக்கியத்துக்கு வாக்கியமேதான் அடையாளமா?" என்று கேட்டேன். "ஆமா சார், அதுதான் கீ. நிரல் ஓடும்போது அந்த இங்கிலீஷ் வாக்கியத்தைக் கொடுத்துத்தான் தமிழைக் கேட்கும்" என்றான். கீ என்றால் சாவி. சாவியைக் கொடுத்தால் பெட்டகத்திலிருந்து அதற்குரிய வாக்கியம் வரும். இந்த எடுத்துக்கொடுக்கும் வேலையைச் செய்வது ஒரு நிரலகம். நிரல் எழுதுவோர் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவதற்காக முன்பே எழுதிவைத்த தொகுப்பு, லைப்ரரி என்று அவர்கள் சொல்வது. இந்த நிரலகத்தின் பெயர் கெட்டெக்ஸ்ட். 'உரையை எடு' என்று பொருள். பெயரில் அலங்காரம் ஒன்றும் இல்லை.

சாவி எண்ணாக இருக்கலாமா, வாக்கியமாக இருக்கலாமா என்பதில் பெரியவர்கள் பலர் வருஷக்கணக்கில் மோதியிருக்கிறார்கள். அந்த மோதலின் முடிவு நம் தமிழையும் தொட்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் மென்பொருள் பேசும் வாக்கியங்கள் எல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. வேறு மொழியில் வேண்டுமென்றால் நிரலின் மூலத்தையே திறந்து வாக்கியங்களை மாற்ற வேண்டும். ஐந்து மொழி என்றால் ஐந்து பிரதி. ஒன்றில் ஒரு குறையைச் சரிசெய்தால் மற்ற நான்கிலும் செய்ய வேண்டும். ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் மொழி மாறிவிடும். அங்கே இது முதலில் வலித்ததில் வியப்பில்லை. 1984இல் ஐரோப்பியக் கணினி நிறுவனங்கள் சில சேர்ந்து எக்ஸ்/ஓப்பன் என்ற அமைப்பை உண்டாக்கின. யூனிக்ஸ் கணினிகளுக்குப் பொதுவான விதிகளை வகுப்பது அதன் வேலை. 80களின் பிற்பகுதியில் அது வகுத்த விதிகளில் 'கேட்கெட்ஸ்' என்ற முறையும் இருந்தது. கேட்லாகிலிருந்து எடு என்பதன் சுருக்கம். வாக்கியங்களை நிரலிலிருந்து வெளியே எடுத்துத் தனிப் பட்டியலில் வைப்பது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொகுதி எண் ஒன்று, செய்தி எண் ஒன்று கொடுப்பது. 2ஆம் தொகுதி, 17ஆம் செய்தி என்று நிரல் கேட்கும். பட்டியல் கொடுக்கும்.

இது நம் வருகைப் பதிவேடு மாதிரி. "பதினேழு!" என்றால் "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வரும். வேகமான முறை, சந்தேகமில்லை. ஆனால் பதிவேடு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும் அதன் தொல்லை. ஜூலையில் ஒரு பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போகும், ஆகஸ்டில் இரண்டு பிள்ளைகள் சேரும், தலைமையாசிரியர் அகரவரிசையில் மறுபடி எழுதச் சொல்வார். பழைய மதிப்பெண் தாளில் 17 என்று இருக்கும், புதிய பதிவேட்டில் 17 வேறு பிள்ளை. ஒரு முறை முருகேசனுடைய கணக்கு மதிப்பெண்ணை மீனாட்சிக்குப் போட்டு, அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. (மீனாட்சி இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளட்டும்.)

கேட்கெட்ஸிலும் இதே ஆபத்து. நிரல் எழுதுபவர் நடுவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து எண்களை நகர்த்திவிட்டார், மொழிபெயர்ப்பாளரின் பட்டியல் பழையதாகவே இருக்கிறது என்று வையுங்கள். நிரல் 17 என்று கேட்கும், பழைய 17 வரும். "கோப்பு சேமிக்கப்பட்டது" என்று வர வேண்டிய இடத்தில் "கோப்பு நீக்கப்பட்டது" என்று வரலாம். இலக்கணப் பிழை இருக்காது, எழுத்துப் பிழை இருக்காது, செய்தியே தப்பு. எண் பட்டியலில் இல்லாவிட்டால் காட்டுவதற்கு ஒரு மாற்று வாக்கியமும் கேட்கெட்ஸில் உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதனால் நிரலாளர் எண்ணையும் காப்பாற்ற வேண்டும், வாக்கியத்தையும் காப்பாற்ற வேண்டும். எந்த எண் யாருக்கு என்று கணக்கு வைத்துக்கொள்வது அவர் தலையில்.

1990ஐ ஒட்டி அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் தங்கள் சன் ஓ.எஸ். 4 இயங்குதளத்தில் வேறு வழியில் போனார்கள். எண்ணே வேண்டாம், மூல வாக்கியத்தையே சாவியாக வைத்துக்கொள்வோம் என்றார்கள். அதுதான் முதல் கெட்டெக்ஸ்ட். யூனிஃபோரம் என்ற அமைப்பிடம் பொது முறையாக ஏற்கும்படி முன்மொழிந்தும் பார்த்தார்கள்.

இதில் அழகு எங்கே என்றால், மொழிபெயர்ப்பு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதில். நிரல் ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்துத் தமிழ் கேட்கிறது. தமிழ் இருந்தால் தமிழ் வரும். இல்லாவிட்டால் கொடுத்த சாவியே திரும்பி வரும். சாவியே வாக்கியம் என்பதால் திரை காலியாகாது, தப்பான செய்தியும் வராது. ஆங்கிலத்தில் ஒரு வரி தெரியும், அவ்வளவுதான். மூவாயிரம் செய்தி உள்ள மென்பொருளில் ஒருவர் முந்நூறை மட்டும் தமிழாக்கினாலும் அதை அன்றைக்கே பயன்படுத்தலாம். மீதி ஆங்கிலத்தில் ஓடும், அடுத்த வருஷம் வேறொருவர் தொடரலாம். சம்பளம் கொடுத்து மொழிபெயர்க்க ஆள் வைக்கும் மொழிகளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஓய்வு நேரத்தில் தன்னார்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் நம் மொழி போன்றவற்றுக்கு இதுதான் வாசல்.

அந்த வாசல் திறந்தது 1994, 95இல். ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய க்னூ திட்டத்தைப் பற்றி உங்களில் கணினி படித்தவர்கள் அறிவீர்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற மென்பொருள்கள். 1994 ஜூலையில் பேட்ரிக் டி'குரூஸ் என்பவர் க்னூவின் கோப்புக் கருவிகள் சிலவற்றைப் பல மொழிகளில் பேசவைக்க முயன்றார். அந்தக் கருவிகளைப் பராமரித்தவர் ஜிம் மேயரிங். இருவரும் சேர்ந்து யோசித்தார்கள், ஜிம் ஸ்டால்மனையும் கேட்டார், ஸ்டால்மன் வாய்மொழியாகவே ஒரு திட்டம் சொன்னார். ஜிம் அதை 'க்ளொகேல்' என்ற பெயரில் எழுதினார். அது கேட்கெட்ஸ் வழியில் அமைந்தது. ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் ஓரிரண்டு சோதனை வெளியீடுகளுக்குப் பிறகு க்ளொகேல் கிழிந்துபோனது. பால் எகர்ட் என்பவர் சன் நிறுவனத்தின் வேலையைக் கவனித்துக்கொண்டே இருந்தவர். கெட்டெக்ஸ்ட் முறைதான் நல்லது என்று வாதாடினார்.

இந்த இடத்தில் க்னூ கையேட்டில் ஒரு சிறு செய்தி இருக்கிறது, எனக்குப் பிடித்தது. ஜிம் சற்று விலகியிருந்த காலத்தில் இரண்டாம் முறை தந்தையானாராம். மென்பொருள் கையேட்டில் இதை எழுதிவைத்த புண்ணியவானுக்கு வணக்கம். இயந்திரங்களின் வரலாறு என்று நாம் படிப்பதில் குழந்தை பிறந்த வீடும் தூக்கம் கெட்ட இரவும் இருக்கின்றன.

பிறகு உல்ரிச் டிரெப்பர் என்பவர் வந்தார். பழையதை ஒட்டுப்போடாமல் 1995 ஏப்ரலில் புதிதாக எழுதினார். முதலில் ஒரு பெயர், பிறகு இன்னொரு பெயர், கடைசியில் கெட்டெக்ஸ்ட். அந்த ஆண்டு ஜூலையில் 0.7 என்ற எண்ணோடு முதல் முறையான வெளியீடு. பிற்பாடு க்னோம், கே.டி.இ. போன்ற முழுத் திரைச் சூழல்கள் இந்தக் கோப்பு வடிவத்தையே எடுத்துக்கொண்டன. இரண்டிலும் தமிழ்க் குழுக்கள் உண்டு. வலைப்பக்கம் நடத்த நம் உறவினர் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸும் இதே வடிவம்தான். நான் திருத்தும் கோப்பும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

எண் போய் வாக்கியம் வந்தால் தேடுவது மெதுவாகாதா என்று கணக்கு வாத்தியார்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் எழுதிய கோப்பை அப்படியே பயன்படுத்துவதில்லை. ஒரு கருவி அதை இயந்திரத்துக்கு ஏற்ற வடிவமாக மாற்றுகிறது, அப்போது ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் அகரவரிசையில் அடுக்கப்படுகின்றன. அகராதியில் சொல் தேடுவது போல நடுவில் திறந்து, முன்னாலா பின்னாலா என்று பார்த்து, பாதி பாதியாகக் குறைத்தால் நாலாயிரம் வாக்கியத்தில் ஒன்றைப் பிடிக்கப் பன்னிரண்டு முறை பார்த்தால் போதும்.

அதைவிட வேகமான வழியும் உள்ளே இருக்கிறது, ஹாஷ் என்பார்கள். வாக்கியத்தின் எழுத்துகளை ஒரு கணக்கில் போட்டு ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணுள்ள அறைக்கு நேரே போய்விடுவது. இந்த யோசனையை 1953 ஜனவரியில் ஐ.பி.எம். நிறுவனத்துக்குள் ஒரு குறிப்பாக எழுதியவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஜெர்மனியில் பிறந்தவர், துணி ஆலைத் தொழிலில் இருந்தபோது நெசவில் நூலிழைகளை எண்ண ஒரு கருவி செய்தவர். உங்கள் கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கம் சரிதானா என்று பார்க்கும் கணக்கும் அவருடையதே. கெட்டெக்ஸ்ட் பயன்படுத்தும் ஹாஷ் கணக்கு பீட்டர் வைன்பெர்கருடையது, பெல் ஆய்வகத்தில் இருந்தவர். இரண்டு வாக்கியங்கள் ஒரே அறைக்கு வந்துவிடலாம் என்பதால், கடைசியில் முழு வாக்கியத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே பதில் தரும். ஆக, வெளியே தள்ளிய எண் உள்ளே வேலைக்காரனாக இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் விலை இல்லாமலா? இருக்கிறது. அதை மறைத்தால் பாதிப் பாடம் நடத்தியதாகும்.

முதல் விலை, ஆங்கிலம் சாவியாகிவிட்டது. ஆங்கிலத்தில் யாரோ ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும், முற்றுப்புள்ளி ஒன்றைச் சேர்த்தாலும் சாவி மாறிவிட்டது. பழைய தமிழ் அதற்குப் பொருந்தாது. இதற்காக ஒரு கருவி புதிய ஆங்கிலத்தையும் பழையதையும் ஒப்பிட்டு, ஏறக்குறைய ஒத்திருந்தால் பழைய தமிழை அதன் அருகில் வைத்து 'ஃபஸ்ஸி' என்று முத்திரை குத்தும். மங்கலானது என்று அர்த்தம். மனிதர் ஒருவர் பார்த்து முத்திரையை எடுக்கும் வரை அந்தத் தமிழ் திரைக்குப் போகாது. எனக்கு வந்த கோப்பில் பாதி வேலை இந்த மங்கலான வரிகள்தான். யாரோ ஒருவர் என்றோ சரியாகத் தமிழாக்கியது, தூரத்தில் இன்னொருவர் வைத்த ஒரு புள்ளியால் மறைந்துகிடக்கிறது. பார்க்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் மீனாட்சிக்கு முருகேசன் மதிப்பெண்ணைப் போடுவதைவிட இது மேல்.

இதைத் தவிர்க்க, வாக்கியமும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், ஒவ்வொரு செய்திக்கும் தனிப்பெயர் வைப்போம் என்ற கட்சியும் உண்டு. 1997இல் வந்த ஜாவா 1.1இன் முறை அப்படிப்பட்டது. ஆங்கிலத்தை எத்தனை முறை திருத்தினாலும் பெயர் மாறாது. ஆனால் அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலுமே இல்லாவிட்டால் ஜாவா பிழை என்று கத்தும். கெட்டெக்ஸ்டில் கத்தல் இல்லை.

இரண்டாம் விலை என்னையே மாட்டிவிட்டது. 'ஓப்பன்' என்று ஒரு சாவி. 'திற' என்று எழுதினேன். இதில் என்ன யோசனை? மாணவன் திரையைப் படம் எடுத்து அனுப்பினான். பொத்தானில் 'திற' சரியாக இருந்தது. பக்கத்துப் பட்டியலில், இன்னும் தீராத புகார்களின் நிலையைக் காட்டும் இடத்திலும் 'திற' என்றே இருந்தது! அங்கே 'ஓப்பன்' என்பது வினை இல்லை, முடிக்கப்படாமல் நிற்கிறது என்று பொருள். சாவி ஒன்று, அதனால் பதிலும் ஒன்று. ஆங்கிலத்தில் ஒரே சொல் வினையாகவும் பெயரடையாகவும் நிற்கும். தமிழில் திற, திறந்த, நிலுவையில் உள்ள எல்லாம் வேறு வேறு.

ஒரே வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் நாம் என்ன செய்வோம்? க. செல்வி, ம. செல்வி என்று தலைப்பெழுத்தைச் சேர்ப்போம். கெட்டெக்ஸ்டிலும் அதே வைத்தியம், 2006இல் வந்த 0.15 பதிப்பில். வாக்கியத்தோடு 'இது பொத்தான்', 'இது நிலை' என்ற சூழல் குறிப்பைச் சேர்த்து, இரண்டும் சேர்ந்ததே சாவி என்றார்கள். நிரலாளர் அந்தத் தலைப்பெழுத்தைப் போட்டால்தான் உண்டு. போடாத இடங்களில் நான் இன்னும் திண்டாடுகிறேன்.

மூன்றாவது ஒருமை பன்மை. ஆங்கிலத்தில் ஒன்று, பல என்று இரண்டே வடிவம் என்பதால் எல்லா மொழியும் அப்படித்தான் என்று முதலில் நினைத்துவிட்டார்கள். போலந்து மொழியில் ஒன்றுக்கு ஒரு வடிவம், இரண்டு முதல் நான்கு வரை வேறு வடிவம், ஐந்துக்கு மூன்றாவது வடிவம். 22க்கு மறுபடி இரண்டாவது. அரபிக்கு ஆறு, ஜப்பானியத்துக்கு ஒன்று. 2000ஐ ஒட்டி இதற்கென்று தனி ஏற்பாடு வந்தது. கோப்பின் தலைப்பில் அந்தந்த மொழி தன் விதியை ஒரு சூத்திரமாக எழுதிக்கொள்ளலாம். தமிழுக்கு இரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் நம் நன்னூலார் சொன்ன பால்பகா அஃறிணைப் பெயர் நினைவிருக்கிறதா? "பத்து மாடு வாங்கினான்" என்கிறோம், யாரும் பிழை என்பதில்லை. "5 கோப்பு நகலெடுக்கப்பட்டது" என்பதும் காதுக்கு உறுத்தவில்லை. ஆனாலும் 'கோப்புகள்' என்றே போட்டுவருகிறேன், முன்னால் செய்தவர்களோடு ஒத்துப்போக வேண்டுமே.

இலக்கணத்தில் எனக்குப் பெரிய தலைவலி வேற்றுமை உருபு. செய்திகளின் நடுவே ஓர் இடம் காலியாக இருக்கும், நிரல் ஓடும்போது கோப்பின் பெயர் அங்கே வந்து உட்காரும். "இன்னதை நீக்க முடியவில்லை" என்று எழுத வேண்டும். அந்த 'இன்னது' என்னவென்று எனக்குத் தெரியாது. ஐ உருபை எப்படி ஒட்டுவது? மரம் என்றால் மரத்தை, வீடு என்றால் வீட்டை, பூ என்றால் பூவை, கல் என்றால் கல்லை. இயந்திரத்துக்குப் புணர்ச்சி தெரியாது. மரம்ஐ, வீடுஐ என்று பக்கத்தில் தள்ளிவிடும். சாவிக்குப் பதில் எடுத்துத் தரும் எந்த முறையும், அது எண்ணோ வாக்கியமோ, இந்தச் சிக்கலைத் தீர்க்காது. எனக்கு முன்னால் இந்தக் கோப்பில் வேலைசெய்த முகம் தெரியாத தமிழர் ஒருவர் வழி கண்டுபிடித்திருந்தார். காலி இடத்தை அடுத்து 'என்ற கோப்பை' என்று போட்டுவிட்டார். 'மரம் என்ற கோப்பை நீக்க முடியவில்லை.' உருபு கோப்பின் மேல் ஏறிக்கொண்டது, பெயர் தப்பித்தது. நாற்பது வருஷம் வேற்றுமை நடத்திய எனக்கு அது தோன்றியிருக்குமா என்று யோசித்தேன். எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

இலங்கை உறவினர்களுக்கு ஒரு செய்தி. நிரல் முதலில் 'தமிழ், இலங்கை' என்ற பட்டியலில் தேடும். அங்கே இல்லாவிட்டால் பொதுத் தமிழ்ப் பட்டியல், அதிலும் இல்லாவிட்டால் மூல வாக்கியம். ஆகவே உங்கள் வழக்கு வேறுபடும் சொற்களை மட்டும் தனிப்பட்டியலாக வைத்தால் போதும், மற்றவை பொதுவிலிருந்து வந்துவிடும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் அப்படியே.

நேற்று இரவு 'ஃப்ரம்' என்ற ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டேன். தலைப்பெழுத்து இல்லை, சூழல் இல்லை. கடிதம் என்றால் 'அனுப்புநர்', தேதி என்றால் 'முதல்', இடம் என்றால் 'இலிருந்து'. முதலாவது முன்னால் வரும், மற்ற இரண்டும் பெயருக்குப் பின்னால் வரும். மூன்றையும் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அது நிரலில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்லும்படி மாணவனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அவன் பதில் வரும் வரை அந்தக் கீழ் வரியைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறேன்.